யூஜினி சிரிக்கிற வீடியோ

மறைக்கச் சொன்னது மகளின் முகத்தை. கணினி மறைத்தது மனைவியின் முகத்தை.

இக்னேசியஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். திரையில் மகள் றெஜினா பல்லெல்லாம் தெரிய நின்றாள். பக்கத்தில் யூஜினியின் கழுத்துக்கு மேலே ஒரு சாம்பல் நிறக் கட்டம். செத்துப்போன மனுசியை மறைத்துவிட்டு, உயிரோடு இருந்தும் இந்த வீட்டுக்கு இல்லாமல் போனவளைப் பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது அது.

"கோதாரி விழுந்த மிசின்!"

வோபர்னில் அந்த அடுக்குமாடி வீட்டில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை. யூஜினி இருந்திருந்தால், "இஞ்சேருங்கோ, வாயைக் கொஞ்சம் அடக்குங்கோ" என்றிருப்பாள். அடக்கச் சொல்லவும் ஆளில்லாமல் திட்டுவது என்ன திட்டு?

வருகிற சனிக்கிழமை யூஜினியின் முப்பத்தோராம் நாள் திருப்பலி. பாரிசிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற சொந்தக்காரர் பார்ப்பதற்காக, மரண அறிவித்தல் இணையத்தளம் ஒன்றில் அவளுக்கு ஒரு பக்கம் திறந்திருந்தார். அதில் சின்ன வீடியோ ஒன்று போடலாம். படம் வீட்டில் எவ்வளவோ இருந்தது. ஆனால் படத்துக்கு நின்றால் யூஜினி பாஸ்போட் எடுக்க வந்தவள் மாதிரி விறைத்துப்போவாள். அவளின் சிரிப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் அவளைத் தெரியும். முதலில் தோள் குலுங்கும், பிறகு கண் மூடும், சத்தம் கடைசியில்தான் வரும். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு மறந்துகொண்டு வந்தது. சாவைவிட அதுதான் பயமாக இருந்தது. அந்தச் சிரிப்பை எப்படியாவது அந்தப் பக்கத்தில் ஏற்றிவிட வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. அதில் றெஜினா தெரியக் கூடாது.

வீட்டுக்குச் சொல்லாமல் கயானாக்காரப் பெடியன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். அன்றிலிருந்து அவளின் பெயரை இவர் எடுக்கவில்லை, யூஜினியை எடுக்கவும் விடவில்லை. செத்தவீட்டுக்குத் தனியே வந்து, கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்து அழுதுவிட்டுப் போனாள். இக்னேசியஸ் பீடத்தைப் பார்த்தபடியே இருந்தார். திரும்பிப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. கழுத்து விடவில்லை.

இப்போது வந்த வில்லங்கம் என்னவென்றால், வீட்டு வீடியோக்களில் யூஜினி எங்கே சிரிக்கிறாளோ அங்கே றெஜினா நிற்கிறாள். முதல் நன்மை வாங்கிய நாள், பட்டமளிப்பு, நயாகரா, எல்லாவற்றிலும். முகத்தை மறைப்பது சரிவரவில்லை என்று ஓரத்தை வெட்டிப் பார்த்தார். றெஜினா போய்விட்டாள். யூஜினியின் தோளில் ஆளில்லாத கை ஒன்று மிஞ்சியது. அந்தக் கையையும் வெட்டினார். யூஜினியின் ஒரு காது போனது. மிச்சத்தைப் பெரிதாக்கினார். அவருக்கே பயம் பிடித்துவிட்டது.

அப்போதுதான் செபக்கூட்டம் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை தவறாமல் யூஜினி தன் சிநேகிதி பேர்ணடெற்றின் காரில் நகரத்தின் மற்றக் கரையில் இருக்கிற ரெக்ஸ்டேலுக்குச் செபக்கூட்டத்துக்குப் போவாள். இவர் போனதில்லை. ஞாயிறு பூசையே ஆண்டவருக்குக் காணும், அதற்கு மேல் தேவையில்லை என்பது இவருடைய கணக்கு. ஆனால் பின்னேரம் அவள் திரும்பி வருவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பழைய ஐஸ்கிறீம் பெட்டி நிறைய இறால் கறி வரும்.

"ஆர் வைச்சது?"

"அங்க ஒரு பிள்ளை வைக்கிறது."

"கை எண்டா இதல்லோ கை! உன்ர மகளும் இருக்கிறாள், ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது." மகளைத் திட்டுவதற்கு மட்டும் அந்த வீட்டில் தடை இல்லை, அதுவும் இவருக்கு மட்டும்.

யூஜினி அந்தப் பக்கம் திரும்பிக் கோப்பை கழுவுவாள். தோள் குலுங்கும். பாவம், அழுகிறாளாக்கும் என்று நினைத்து இவர் இன்னொரு கரண்டி கறி போட்டுக்கொள்வார்.

அவள் போனதோடு கறியும் நின்றது. செபக்கூட்டத்துக்காரர் ஒரு பெட்டிகூட அனுப்பவில்லையே என்று இவருக்கு உள்ளுக்குள் ஒரு மனக்குறை. அதை வெளியில் சொல்ல முடியுமா? மனுசி செத்த துக்கத்தில் றால் கறி கேட்கிறான் என்பார்கள்.

பேர்ணடெற்றுக்குப் போன் அடித்தார்.

"பேர்ணடெற், செபக்கூட்டத்தில ஆரும் வீடியோ எடுக்கிறேல்லையோ?"

"செபக்கூட்டத்திலயோ, அண்ணை?"

"ஓம். யூஜினி சிரிக்கிற மாதிரி ஒண்டு வேணும்."

"செபத்துக்குள்ள ஆர் அண்ணை சிரிக்கிறது?"

"சாப்பாட்டு நேரம் சிரிச்சிருப்பாள்தானே!"

"பொறுங்கோ... ஒருக்காக் கேட்டுப் பாக்கிறன்."

"ஆரிட்ட?"

"எடுத்த ஆளிட்ட," என்று சொல்லிப் பேர்ணடெற் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் மின்னஞ்சலில் வீடியோ வந்தது. கணினி அதைத் திறக்க மாட்டேன் என்றது. ஏதோ புதுப் போனில் எடுத்ததாம், இவருடைய பழைய கணினிக்கு விளங்காதாம். இலவசமாக மாற்றித் தரும் தளம் ஒன்றில் கொடுத்து மாற்றினார். மாறித்தான் வந்தது. படம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது, சத்தம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் யூஜினி இருந்தாள். ஆருடையதோ குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பொலித்தீன் பை ஒன்றை முடிச்சுப் போட்டபடி சிரிக்கிறாள். தோள் குலுங்குகிறது, கண் மூடுகிறது. இவ்வளவு சந்தோசமாக அவளை இந்த வீட்டில் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. இக்னேசியஸ் கழுத்தைச் சரித்து வைத்துக்கொண்டே அழுதார்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்தபின் படத்தை நிமிர்த்தினார். அப்போதுதான் சுருட்டைமயிர்ச் சின்னப் பெட்டைப் பிள்ளை ஒன்று யூஜினியின் சட்டையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. செபக்கூட்டத்தில் யாருடைய பிள்ளையோ. விட்டால் 'உது ஆற்ற பிள்ளை?' என்று லண்டனிலிருந்து மச்சாள் கேட்பாள். பிள்ளையை வெட்டினார். சத்தமில்லாமல் இருந்தது என்று ஒரு சோகமான தேவ கீதத்தைப் பின்னால் போட்டு ஏற்றிவிட்டார்.

இணையத்தளத்திலிருந்து தனுஷிகா என்ற பெண் போனில் கூப்பிட்டாள்.

"அங்கிள், சொறி, குறை நினைக்காதேங்கோ, இது ஓகேயா? சோகப் பாட்டுப் போகுது, அன்ரி விழுந்து விழுந்து சிரிக்கிறா. பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"வேற சத்தம் இல்லைப் பிள்ளை."

"ஒறிஜினலில கட்டாயம் இருக்கும், அங்கிள். கன்வேட் பண்ணேக்கை போயிருக்கும்."

ஆகவே கலியாண வீடியோ எடுக்கிற றூபனைப் பிடித்தார். அந்தத் திறக்காத வீடியோவை அப்படியே அவனுக்கு அனுப்பினார்.

"தம்பி, எனக்கு அவளின்ர சிரிப்புச் சத்தம் மட்டும் வேணும். வேற ஒருத்தரின்ர சத்தமும் வேண்டாம். அந்தப் பிள்ளையையும் வெட்டிப் போடு."

"பிள்ளை வடிவாத்தானே அண்ணை நிக்குது?"

"ஆருமறியாத பிள்ளை தம்பி. வெட்டு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் இக்னேசியஸ் பாண் துண்டைத் தகரப் பெட்டி மீனில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. றூபன்தான்.

"சத்தம் வந்திட்டுது, அண்ணை. சோக்கான சிரிப்பு."

பாண் துண்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். "கேக்குதோ தம்பி? வடிவாக் கேக்குதோ?"

"வடிவாக் கேக்குது. ஆனா ஒரு சிக்கல். அந்தப் பிள்ளை கதைச்ச உடனதான் அக்கா சிரிக்கத் தொடங்கிறா. ரெண்டு சத்தமும் ஒண்டோட ஒண்டு கலந்துபோச்சு. பிள்ளையை வெட்டினா அக்காவின்ர சிரிப்பும் போயிடும்."

"அப்பிடி என்ன கண்டறியாத கதை கதைக்குது அது?"

"'அம்மம்மா, அம்மப்பாவுக்கு றால் கறி கட்டியாச்சோ?' எண்டு கேக்குது, அண்ணை. வெட்டவோ?"