மூன்றாவது நிக்காஹுக்கு மச்சானின் சம்மதம் வேண்டி

மிருவாதூ தீவு,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

பெருமதிப்பிற்குரிய வஜ்தீ மச்சான் அவர்களுக்கு, ஜௌஃபர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், என் தோணியும், என் விடுதியும், விடுதியில் தங்கியிருக்கும் புதுமணத் தம்பதியும் நலம். தலைநகர் மாலேயில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். என் எண்ணைத் தாங்கள் போனில் தடுத்து வைத்திருப்பதால் இதைப் படகில் அனுப்புகிறேன். காகிதத்தைத் தடுக்க இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கை மௌஸூமாவுக்கும் எனக்கும் வரும் வெள்ளிக்கிழமை மூன்றாவது முறையாக நிக்காஹ். மாமா மௌத்தாகிவிட்டதால் பெண்ணின் பொறுப்பாளர் தாங்கள்தான். தாங்கள் வந்து உட்கார்ந்து வாய்திறந்து சம்மதம் சொல்லாமல் காரியம் நடக்காது. விட்ட மனைவியையே திரும்பக் கட்டுவது நம் தீவுகளில் யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமில்லை. ஆனால் மூன்றாவது என்பது கடைசி. இதையும் நான் கெடுத்துக்கொண்டால், அவள் இன்னொருவனோடு வாழ்ந்து பிரிந்தாலொழிய எனக்குத் திரும்ப வழியில்லை. சென்ற முறை துறைமுகத்தில் ஊரே பார்க்கத் தாங்கள் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: "ஜௌஃபரு, உனக்கு மீன் பிடிக்கத் தெரியும், பொண்டாட்டிய வெச்சுக்கத் தெரியாது. மூணாந்தரம் என் வாயில இருந்து சம்மதம் வராது, பாத்துக்க!" அன்று நான் தலைகுனிந்தேன். இன்று நெஞ்சை நிமிர்த்தி எழுதுகிறேன்.

முதல் தலாக் இளரத்தம், விடுங்கள். இரண்டாவதற்குக் காரணம் அந்த அறை. மீன்பிடித்தோணியை விட்டு இறங்கி, வீட்டை 'ஜௌஃபர் ரொமான்ஸ் வில்லா' ஆக்கியபோது, கடலைப் பார்த்த எங்கள் படுக்கையறையைத் தேனிலவு அறையாக்கி, மௌஸூமாவின் கட்டிலை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போட்டேன். வியாபாரம் என்றால் தியாகம் வேண்டாமா என்று கேட்டேன். அவள் தியாகத்தோடு சேர்த்து என்னையும் விட்டுவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனாலும் விடுதிக்குச் சமைக்க மட்டும் தினமும் வந்தாள். "உனக்காக வரல, அந்தப் புள்ளைங்க பட்டினி கெடக்கக் கூடாதுன்னு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டேதான் மாசிக் கருவாடும் தேங்காயும் பிசைவாள்.

காதல் விருந்தோம்பலில் இன்று இந்தப் பவளத்திட்டில் எனக்கு நிகர் யாருமில்லை. ஆரம்பத்தில் சிறு பிசகுகள் உண்டு. ஓர் இளைஞனும் பெண்ணும் வந்து இறங்கினார்கள். நம் வழக்கப்படி வெள்ளை விரிப்பின் மேல் செம்பருத்தியால் இதயம் வைத்து, பச்சை இலையைக் கிள்ளிக் கிள்ளி 'முத்தங்கள் பெருகட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதி, குளியல் துண்டால் இரண்டு அன்னம் செய்து மூக்கோடு மூக்கு முட்ட வைத்தேன். அவர்கள் அண்ணன் தங்கை. அந்தப் பெண் அலறிய அலறலில் பள்ளிவாசலில் இருந்து பாங்கு சொல்லும் முஅத்தின் ஓடிவந்தார். ஆனால் எழுத்து எவ்வளவு திருத்தமாக இருந்தது என்று அவரே பாராட்டினார்.

இப்போது போன வாரத்துக்கு வாருங்கள். செக் நாட்டுத் தம்பதி, ஓண்ட்ரே, லென்கா. கல்யாணமாகி மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவன் கடலுக்குள் இறங்கும்போதும் ஆபீஸ் போனை உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்குகிறவன். அவர்களைச் சேர்த்துவைக்க என்னுடைய பெரிய ஆயுதத்தை எடுத்தேன், அதாவது மணல்திட்டு விருந்து. சுற்றிலும் கடல், நடுவில் நம் முற்றத்தளவு வெள்ளை மணல், அதில் மேசை, பூ, சுட்ட மீன், அஸ்தமனம். துணித்தடுப்புக்குப் பின்னால் மௌஸூமா மீன் சுடுவாள். நான் தோணியைக் கூப்பிடு தூரத்தில் நிறுத்தி, பார்க்காததுபோல் முதுகைக் காட்டி உட்காருவேன். காதலர்களுக்குத் தனிமை வேண்டுமல்லவா.

அப்படி முதுகைக் காட்டியதுதான் வினை. அந்தப் பக்கம் பார்த்தால், மச்சான், பறவைகள்! கூட்டங்கூட்டமாகத் தாழ்ந்து சுற்றுகின்றன, கீழே கடல் கொதிக்கிறது. சூரை மீன்! தாங்களும் என்னோடு தோணியில் நின்றவர்தான், தங்கள் கை சும்மா இருந்திருக்குமா? என் கை இருக்கவில்லை. பறவை போன திசையெல்லாம் போனேன். அன்று பௌர்ணமி, கடல் ஏறித் திட்டை மூடும் என்பது தெரியாதவனா நான்? தெரியும். ஆனால் தெரிந்தது தலையில், சூரை இருந்தது கண்ணெதிரில். தோணி நிறைந்து விளிம்பு தண்ணீரைத் தொட்ட பிறகுதான், திட்டில் மூன்று பேரை விட்டு வந்தது நினைவுக்கு வந்தது. தோணியை அப்படியே திருப்பினேன்.

திரும்பி வந்தால் திட்டைக் காணோம். கடலுக்கு நடுவே ஒரு மேசை நிற்கிறது. அதன் மேல் செக் தம்பதி கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் மௌஸூமா, தலையில் மீன் தட்டு, ஒரு கையால் அசையாமல் மேசையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்! அந்தக் காட்சியைப் பார்த்தபோது, இப்படிப்பட்டவளை இரண்டு முறை கட்டியவன் நான் என்று எனக்கு வந்த பெருமை, தோணி நிறைய மீன் கண்டபோதுகூட வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

"போன் கடல்ல போயிருச்சு" என்று லென்கா கைதட்டினாள். "உங்க கதை முழுக்க இவங்க சொன்னாங்க. நாங்க படுத்திருக்கிறது இவங்க ரூமாமே! அரிசி மூட்டை பக்கத்துலயா கட்டில் போட்டீங்க? வெக்கமா இல்ல?" அன்றே அந்தத் தம்பதி தங்கள் பெட்டிகளைத் தாங்களே தூக்கிப் பின்னறைக்குப் போய்விட்டார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

தோணியில் வரும்போது மௌஸூமா என்னைத் திட்டவில்லை. மீன் குவியலைப் பார்த்தாள். "பாவி மனுஷா, நல்ல வேட்டைதான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த ரூமைத் திருப்பிக் குடு" என்றாள். "எடுத்துக்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மச்சான், இதற்கு மேல் ஒரு பெண் என்ன சொல்ல வேண்டும்? மறுநாளே தேனிலவு அறைப் பலகையைக் கழற்றினேன். நிக்காஹ் நடத்திவைக்கும் காதியாரிடம் நாள் கேட்டேன். மேளக்காரர்களுக்குச் சொல்லிவிட்டேன். ஊர் முழுக்க அழைப்பு முடிந்தது. பாக்கி தங்கள் வாய்ச்சொல் ஒன்றுதான். ஒரு பெண்ணின் மனதைச் சொல்லாமலே படிக்கத் தெரிந்துகொண்டேன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வெள்ளிக்கிழமைப் படகில் வாருங்கள்.

தங்கள் வீட்டில் பரக்கத் பெருகவும், தங்கள் முதுகுவலி குணமாகவும், தாங்கள் என் எண்ணை விடுவிக்கவும் துஆ செய்யும்,
தங்கள் இருமுறை முன்னாள், ஒருமுறை வருங்கால மைத்துனன்,
ஜௌஃபர்.

பின்குறிப்பு: அண்ணே, மௌஸூமா எழுதறேன். படகுல குடுத்து விடச் சொல்லி என் கையிலதான் குடுத்தாரு, உறைய ஒட்டாம. வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணமாம், இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். காதியாரக் கேட்டிருக்காரு, மேளக்காரனக் கேட்டிருக்காரு, உன்னக் கேட்டிருக்காரு. என்னை இன்னும் கேக்கல. போன ரெண்டு தடவையும் கேக்கல. இந்தத் தடவை அவரு என் முன்னாடி வந்து நின்னு வாயத் தொறந்து கேக்காம நீ படகுல ஏறாத. கேட்டா என்ன சொல்லுவேன்னு உனக்குத் தெரியும். அவருகிட்ட மட்டும் சொல்லிராத.