மஞ்சள் தடவிய சீட்டு

வேலை தேடுகிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். நம்பாதீர்கள். மாண்ட்ரியலில் பொறுமையாக இருந்தே காரியத்தைக் கெடுத்துக்கொள்ளப் பார்த்தவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். மெக்கானிக்கல் இன்ஜினியர் பட்டம், ஒரே ஒரு கோட்டு, பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு வாடகை அறை, இவ்வளவுதான் என் சொத்து. கல்யாணமான நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன். வேலை கிடைத்ததும் ஜானகியைக் கூப்பிட்டுக்கொள்வதாக மாமனாரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கடைசியாக வந்த அவளுடைய ஏரோகிராம் கடிதத்தில் பாதி காலி. (காலியான பாதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.)

அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மதாம் புஷே என்ற அம்மையார் அரைமணி நேரம் என்னைக் குடைந்தார். என்ன படித்தாய், என்ன வரைவாய் என்று கேட்டுவிட்டு, பெட்டியிலிருந்த அட்டைகளைப் புரட்டி ஒரு பம்ப் தொழிற்சாலையைக் கண்டுபிடித்தார். அதன் விலாசத்தைச் சீட்டில் எழுதி முத்திரை குத்தி, “போய்ப் பாருங்க” என்று கொடுத்தார்.

முத்திரையைப் பார்த்ததும் என் புத்தி ஊருக்குப் போய்விட்டது. ஊரில் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்தால் அட்டை தருவார்கள். நம் முறை வந்தால் கடிதம் வரும். அதுவரை அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து புதுப்பிக்க வேண்டும். கூப்பிடாமல் ஒரு கம்பெனி வாசலில் போய் நிற்பதாவது! மானமுள்ளவன் செய்வானா?

ஆகவே மானமுள்ள நான் சீட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தபால்காரருக்காகக் காத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து, கோட்டை மாட்டிக்கொண்டு புதுப்பிக்கப் போனேன்.

“போன்ஜூர்! புது வேலை எப்படி இருக்கு?” என்றார் மதாம் புஷே.

“இன்னும் லெட்டர் வரலை, மேடம். இதை ரின்யூ பண்ணிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

சீட்டை வாங்கியவர் மூலையை முகர்ந்து பார்த்தார். “இதென்ன, கடுகு சாஸா?”

“மஞ்சள். நல்ல காரியத்துக்குத் தடவுவோம்.”

“நீங்க அங்கே போகவே இல்லையா?”

“அவங்க கூப்பிடலையே!”

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு போனை எடுத்துப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். இந்த வேலை போனால் ஜானகியிடமிருந்து முழு ஏரோகிராமும் காலியாக வரும் என்று தோன்றியது.

“உங்களுக்கு உடம்பு சரியில்லையா, இல்லை ஜெயில்ல இருந்தீங்களான்னு பம்ப் கம்பெனி முதலாளி கேட்கிறார்” என்றார் போனை வைத்தபடி. “நாலு பேரைப் பார்த்தாராம், ஒருத்தருக்கும் பம்ப் வரைய வரலையாம். ஒரு மணி நேரத்துல அங்கே இருக்கணும். ஓடுங்க!”

ஓடினேன். பனியில் இரண்டு முறை வழுக்கி விழுந்து, பாதி நனைந்த பேண்ட்டோடு போய் நின்றேன். முதலாளி ஒரு வரைபடத்தை நீட்டினார். அதில் ஓர் அளவு விடுபட்டிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

“திங்கட்கிழமை வந்துடு” என்றார்.

“அப்பாயிண்ட்மெண்ட் லெட்டர்…” என்று இழுத்தேன். (சில வியாதிகள் லேசில் குணமாவதில்லை.)

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வர்றியா, இல்லையா?”

“வர்றேன் சார்!”

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். சந்தோஷம்கூட இல்லை, அப்பாடா என்ற நிம்மதி. மறுநாள் மாமனாருக்குத் தந்தி போனது.

பனிக்காலம் முடியும்போது ஜானகி வந்து சேர்ந்தாள். சிரிப்பாள் என்று நினைத்து முழுக்கதையையும் சொன்னேன். சிரிக்கத்தான் செய்தாள். பிறகு நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “அப்போ நான் மூணு வாரம் முன்னாடியே வந்திருக்கலாம், இல்லையா?”

இன்றுவரை, பியர்பொன்ட்ஸ் புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டில் எந்தச் சண்டையிலாவது நான் ஜெயிக்கப்போகிற நேரம் பார்த்து, “அந்த மூணு வாரம்?” என்பாள். நான் அவளுக்குக் காபி போட எழுந்துவிடுவேன். நான் சமையலறைப் பக்கம் போனாலே பேரப்பிள்ளைகள் அந்த மூன்று வாரத்தையே பிரெஞ்சில் கோரஸாகக் கத்துகிறார்கள்: “த்ருவா செமேன்!”