கன்னியர் மடத்துக்குக் குரல் கொடுத்த டப்பிங்

துபாய் அல் குசைஸ் லேபர் கேம்ப்பில் ‘டப்பிங்’ அண்ணனுக்குத் தெரியாத மொழியே கிடையாது. அதாவது, எந்த மொழி தெரியாவிட்டாலும் அதில் வந்த படத்தைத் தமிழில் பேசிக் காட்டிவிடுவார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். வேலை சாரம் கட்டுவது. லீவு நாள் மதியம் எங்கள் எட்டுப் பேர் ரூமில் டிவி ஓடினால், “சத்தத்தைக் கொறைடா, நான் இருக்கேன்ல” என்பார். அப்புறம் ராஜா, ராணி, குதிரை எல்லாமே சிவகங்கைத் தமிழ்தான் பேசும்.

ஒருநாள் வசமாக ஒரு படம் மாட்டியது. பல நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பாவில் ஒரு கன்னியர் மடம். சிப்பாய்களுக்குப் பயந்து ஓடிவரும் வாலிபன் ஒருவன் கன்னியாஸ்திரி அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே ஒளிகிறான். குட்டு முதலில் சமையல்கார சிஸ்டருக்குத் தெரிகிறது. பிறகு ஒவ்வொருத்தியாக மற்றவளுக்குத் தெரியாமல் அவன் கதவைத் தட்டுகிறாள்.

“எல்லாரும் க்யூவுல வாங்கடி! மெஸ்ஸுல மட்டும் ஒழுங்கா நிக்கிறீகல்ல?” என்றார் டப்பிங்.

ரூமே அதிர்ந்தது. தூத்துக்குடி அந்தோணி மட்டும் “பாவம்ணே, பாவம்” என்று கண்ணைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கு வழியாக ஒரு காட்சியையும் விடவில்லை.

மடத்துத் தலைவி விளக்கோடு வந்தாள். டப்பிங் அப்படியே எங்கள் கேம்ப் பாஸ் குரலுக்கு மாறினார்: “ரூம்ல வெளியாளை ஏத்தக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்ல? ஃபைன் போட்ருவேன்!” சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த காட்சியில் நடுவயது சிஸ்டர் ஒருத்தி. அந்தக் கூத்தில் சேராமல் ஜன்னலோரம் நின்று, வெறும் சாலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். ஜெபமாக இருக்கலாம். நாங்கள் அடுத்த ஜோக்குக்குத் தயாரானோம்.

“ஏங்க… வாற மாசம் வாறேன், வாற மாசம் வாறேன்னு நாலு வருசமாச் சொல்றீக. புள்ள உங்களை போன்ல இருக்குற மாமான்னு சொல்லுதுங்க” என்றாள் அவள், டப்பிங்கின் குரலில்.

யாரும் சிரிக்கவில்லை. திரையில் அந்த வாலிபன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

“அண்ணே, படம் ஓடுது” என்றான் அந்தோணி மெதுவாக.

“ஓடட்டும்டா.”

மறுநாள் ஆபீசுக்குப் போய் லீவு கேட்டார். “லீவ் மாஃபி, கெடையாது. ப்ராஜெக்ட் முடியட்டும்” என்றார்கள். “அப்ப கலாஸ், முடிஞ்சுது. விசாவை கேன்சல் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

“அவசரப்படாதீங்கண்ணே, ஊருக்குப் போயி என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“தெரியலடா. புள்ள பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருச்சு. அது கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். மத்ததை அப்புறம் பாப்போம்.”

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலை நேரம் கிளம்பினார். எங்களை சைட்டுக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸும் அப்போதுதான் வாசலில் நின்றது. டிரைவர் “யல்லா, யல்லா” என்று ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அண்ணனின் டாக்ஸி திருப்பத்தில் மறையும்வரை எங்கள் ஏழு பேரில் ஒருவரும் பஸ்ஸில் ஏறவில்லை.