ஆறு மில்லிமீட்டர் தொடர்பாக மைத்துனருக்கு

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கையும் நலமாக இருக்கிறோம். வீடு மட்டும் அவ்வளவு நலமாக இல்லை. அதன் நெற்றியில் சிவப்புச் சாயத்தால் 114 என்று எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்த தங்களுக்குக் கடிதம் எழுதுவதென்றால் எனக்கு இன்றைக்கும் பரீட்சை எழுதுகிற மாதிரிதான். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன தடவை அனுப்பிவிட்டீர்கள்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நகரமன்றக் கூடத்தில் புதிய சாலை பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறார்கள். அங்கே தாங்கள் நேரில் வந்து எனக்காக ஒரு சாட்சி சொல்ல வேண்டும். என்ன சாட்சி என்று புருவத்தை உயர்த்துவீர்கள். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் என் இடது கைக் கட்டைவிரலைத் தாங்கள் கண்ணால் பார்த்தீர்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எங்கள் வீடு அதில்தான் இருக்கிறது.

தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் அப்போது நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளன். பழைய நகரத்துக்குள் வண்டி போக வழியில்லை என்று ஒரு சாலைக்குத் திட்டம் போட்டு, அதன் நடுக்கோட்டை டிரேசிங் தாளில் மையால் இழுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். நேர்கோடு. ஸ்கேலை இடது கையால் அமுக்கிப் பிடித்து வலது கையால் பேனாவை இழுத்தால் தீர்ந்தது வேலை. பாதிக் கோட்டில் நிமிர்ந்து பார்க்கிறேன், மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் தாங்கள் நிற்கிறீர்கள்! முந்தின வாரம்தான் சம்பந்தம் பேசியிருந்தது. பெண்ணின் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்துக்கே வந்து மாப்பிள்ளையை எடைபோடுவார் என்று யார் கண்டது? குடையை முன்னால் ஊன்றிக்கொண்டு, பரீட்சை அறையில் காப்பியடிக்கிறவனைத் தேடுகிற அதே பார்வை. பயத்தில் ஸ்கேலை இறுக்கி அமுக்கியதில் கட்டைவிரல் அதன் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. நேராக வந்த பேனா, விரலை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போனது. நடுவிலே ஒரு அரைநிலா. தாங்கள் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். ஆகவே அந்த வளைவில் தங்களுக்கும் பங்கு உண்டு மச்சான், கோபித்துக்கொள்ளக் கூடாது.

பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். டிரேசிங் தாளில் மையை அப்படித்தான் எடுப்போம். பிளேடு தேடப் போன நேரத்தில் மேலதிகாரி வந்து தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கையெழுத்து, முத்திரை, அரசிதழ் எல்லாம் ஆகிவிட்டது. புது மாப்பிள்ளை, புது வேலை, நான் வாயைத் திறப்பேனா? அதோடு எங்கள் அலுவலகத்தை எனக்குத் தெரியாதா? அங்கே ஒரு திட்டம் தாளை விட்டுத் தரைக்கு இறங்கும் என்று நான் சொப்பனத்திலும் நினைக்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் பன்னிரண்டு வருஷம் கழித்து, அந்தக் கோடு போகிற அதே தெருவில், தங்கள் யோசனைப்படி தங்கள் தங்கை பேரில் இந்த வீட்டை வாங்கினேன். வரைபடத்தை ஒரு தடவை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அப்புறம் குளிக்கத் தெரியும்.

முப்பத்து நாலு வருஷம் தூங்கின கோப்பு போன சித்திரையில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. நியாயமாகப் பேசினால் குறை சொல்ல முடியாது. பிள்ளை வளர்கிற மாதிரி ஊர் வளர்ந்துவிட்டது, போன வருஷத்துச் சட்டை இந்த வருஷம் பத்தவில்லை. போன மாதம் எங்கள் தெருமுனையில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு, உள்ளே படுத்திருந்த நோயாளி பொறுமை இழந்து இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். சாலை வேண்டியதுதான். ஆனால் என் வளைவோடு வேண்டுமா என்பதுதான் கேள்வி. வரைபடத்தின் அளவு ஆயிரத்துக்கு ஒன்று. தாளில் என் கட்டைவிரல் ஆறு மில்லிமீட்டர் துருத்தினால், தரையில் அது ஆறு மீட்டர். அந்த ஆறு மீட்டரில்தான் எங்கள் முன்னறையும் சமையலறையும் இருக்கின்றன. மிச்சம் நிற்பது குளியலறையும், மூன்று மூலையுள்ள ஒரு துண்டு இடமும். கோடு நேராக இருந்திருந்தால் எங்கள் வாசற்படிகூடத் தப்பியிருக்கும்.

அளக்க வந்தது ஒரு பெண் பொறியாளர். இருபத்தேழு வயது இருக்கும், கெட்டிக்காரி. வாசல் கேட்டில் நான் எழுதி மாட்டியிருந்த பலகையைப் பார்த்தாள். "நாய் இல்லை, ஆனாலும் கேட்டை மூடவும்." அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். "சார், இந்த 'ட' எங்க மேப்புல இருக்கிற 'ட'! நீங்கதானா அது? உங்களைத்தான் மூணு மாசமா தேடிட்டிருக்கோம்!" என்றாள். போலீஸ்தான் வந்துவிட்டது என்று நினைத்து நான் கேட்டை மூடப் போனேன். அவளோ என் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள்.

என்ன ஆனது என்றால், எதிர்ச்சாரியில் டயர்க்காரர் ஒரு பழைய கிடங்கை வைத்திருந்தாரே, தாங்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவீர்களே, அதன் சுவரில் காரை பெயர்ந்து விழுந்து உள்ளேயிருந்து கல் வளைவுகள் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. ஒன்று இரண்டு இல்லை, பதினாறு. நானூறு வருஷத்துத் தானியக் கிடங்கு என்கிறார், வந்து பார்த்த வரலாற்றுப் பேராசிரியர். பஞ்ச காலத்தில் ஊரே அதில்தான் சாப்பிட்டிருக்கிறதாம். ஒரு வளைவு இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கிற கட்டுமானம், மூலையில் கை வைத்தால் மொத்தமும் உட்கார்ந்துவிடுமாம். நேர்கோடு சரியாக அந்த மூலை வழியாகத்தான் போயிருக்கும். என் வளைவோ அளந்து வைத்த மாதிரி அதை ஒதுக்கிக்கொண்டு போகிறது. "டயர் அடுக்கி வச்சிருந்த காலத்துலயே இதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தர் பார்த்திருக்கார் பாருங்க!" என்று பொறியாளர் பெண் தெருவில் நின்று கத்துகிறாள். டயர்க்காரரே வந்து, "எனக்கே தெரியாதுங்க, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் உண்மையைச் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். சொன்னேன். "அம்மா, அது திட்டம் இல்லை, என் கட்டைவிரல்" என்று அந்தப் பெண்ணிடம் அப்போதே சொன்னேன். "பெரியவங்க எல்லாரும் இப்படித்தான் சார், செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்லவே மாட்டாங்க" என்று கண் கலங்கிவிட்டாள். சரி, படித்தவரிடம் சொல்வோம் என்று பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். "கட்டைவிரலா! ஆகா, அதாவது ஊரைக் கையாலயே தொட்டு உணர்ந்திருக்கீங்க" என்று எழுந்து நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் என் படத்தோடு கட்டுரை, தலைப்பு "விரல் நுனியில் நகரம்". மூன்றாவதாக, வேறு வழியில்லாமல் அலுவலகத்துக்கே போய் மூல வரைபடத்தை எடுக்கச் சொல்லி, பத்துப் பேர் பார்க்க, கட்டைவிரலை அந்த அரைநிலாவில் வைத்துக் காட்டினேன். பொருந்தவில்லை மச்சான்! முப்பத்து நாலு வருஷம் தங்கள் தங்கை கையால் சாப்பிட்டிருக்கிறேன், விரல் பருத்துப்போய்விட்டது. "பாருங்க, கொஞ்சம்கூடப் பொருந்தலை" என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

விதி ஒன்று இருக்கிறது, நானே அந்தக் காலத்தில் தட்டச்சுக்குக் கொடுத்தது. வரைவுப் பிழை என்று சாட்சியோடு நிரூபித்தால் கோட்டை நேராக்கிக்கொள்ளலாம். சாட்சி உலகத்திலேயே தாங்கள் ஒருவர்தான். பொய் சொல்லாதவர் என்று மூன்று தலைமுறை மாணவர்கள் முதுகில் தழும்போடு சொல்வார்கள். தாங்கள் சொன்னால் எடுபடும்.

இதில் எனக்குச் சந்தோஷம் என்று நினைக்க வேண்டாம். அந்த வளைவுகளைப் போய்ப் பார்த்தேன். கல்தச்சர்கள் தூரிகையால் துடைத்துத் துடைத்து எடுக்கிறார்கள், காலை வெயில் உள்ளே போய் விழும்போது மனசு என்னவோ செய்கிறது. நான் வாயைத் திறந்தால் அது போய்விடும். ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ஆனால் தங்கள் தங்கையை நினைத்துப் பார்க்கிறேன். இந்த வீட்டில் ஒவ்வொரு அலமாரியையும் அவள்தான் தச்சர் பக்கத்தில் நின்று அடிக்க வைத்தாள். சமையலறையை இடிக்கப்போகிறார்கள் என்று அவளிடம் நான் இன்னும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. வீட்டு நெற்றியில் 114 என்ன என்று கேட்டாள். கதவிலக்கம் மாற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள், பாவம், வெகுளி.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. கட்டுரை வந்த நாளிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். கல்தச்சர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு போகிறாள், போகிற வழியில் காய்கறிக்காரர் முதல் தையற்காரர் வரை எல்லாரிடமும், "அது இவர் போட்ட கோடுதான்" என்கிறாள். கல்யாணமான நாளாக நான் எதையாவது உருப்படியாகச் செய்தேன் என்று அவள் ஊரில் சொல்லி நான் கேட்டதில்லை. வியாழக்கிழமையோடு அது போய்விடும். போனால் போகட்டும். எனக்குப் பேர் வேண்டாம், அவளுக்குச் சமையலறை வேண்டும். முடிவு பண்ணிவிட்டேன். புதன்கிழமை சாயந்திரமே வந்துவிடுங்கள். குடையைக் கொண்டுவாருங்கள், அன்றைக்கு நின்ற மாதிரியே நின்று காட்ட வேண்டியிருக்கும்.

அக்காவுக்கு என் வணக்கமும், பேரப் பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற அறிவும் ஏறட்டும் என்ற ஆசியும் சொல்லவும். தங்கள் முழங்கால் தங்கள் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பார்வைக்கு இன்றும் அஞ்சும்,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன்னால், அண்ணனுக்கு இரண்டு வரி எழுதுகிறாயா என்று தங்கள் தங்கையிடம் மரியாதைக்குக் கேட்டேன். கடிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டாள். படித்து முடித்துவிட்டு, "இதை எழுதத்தான் மூணு நாளா கதவைச் சாத்திக்கிட்டிருந்தீங்களா?" என்றாள். கட்டைவிரல் கதை அவளுக்குப் பெண் பேசின காலத்திலேயே தெரியுமாம்! தாங்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போய், "பையன் என்னைப் பார்த்த பயத்துல விரலையும் சேர்த்துக் கோடு போட்டுட்டான், ஆனா மூஞ்சியில கள்ளம் இல்லை, பயப்படாம கட்டிக்கோ" என்று சொன்னீர்களாமே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சுமா ஊரெல்லாம் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "நீங்க போட்ட கோடுதானேங்க? நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்கிறாள்.

அதோடு நிற்கவில்லை. வீடு அவள் பேரில்தானே? போன வாரமே பொறியாளர் அலுவலகத்துக்குத் தனியாகப் போய், இடத்தைக் கொடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மிச்சமுள்ள மூன்றுமூலைத் துண்டில் இரண்டு மாடிக்கு அனுமதியும் எழுதி வாங்கிவிட்டாள். "என்னை ஒரு வார்த்தை கேட்கலையே?" என்றேன். "கேட்டா நீங்க எல்லார்கிட்டயும் போய் உண்மையைச் சொல்லிடுவீங்களே" என்றாள். அந்தப் பொறியாளர் பெண்ணும் இவளும் சேர்ந்து பென்சிலால் ஒரு வீடு வரைந்து வைத்திருக்கிறார்கள். மாடியில் சமையலறை, கல் வளைவுகளைப் பார்த்தபடி ஒரு பெரிய ஜன்னல். மையால் இழுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. நன்றாகத்தான் இருக்கிறது மச்சான், பொய் சொல்லக் கூடாது, நான் வரைந்திருந்தால்கூட இவ்வளவு வெளிச்சம் வந்திருக்காது. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன். ஜன்னலோரம் சாப்பாட்டு மேசையைப் போட்டுவிட்டு, அடுப்பைச் சுவரோரம் போட்டிருக்கிறாயே, சமைக்கும்போது உனக்கு வளைவு தெரியாதே என்றேன். "எனக்கு ஏன் தெரியாமப் போகுது? நான் மேசையில உட்கார்ந்திருப்பேன்" என்றாள். அப்படியென்றால் அடுப்பு முன்னால் நிற்கப்போவது யார் என்று நான் கேட்கவில்லை. இன்று காலை டீ நான்தான் போட்டேன்.