பூட்டு அங்கிளின் திருட்டு ஒத்திகை

ஹைதராபாத்தில் சைக்கிள் திருடுகிறவர்கள் எல்லாரும் கூடி ஒரு சங்கம் வைத்தால், ‘இவர் வீட்டுப் பக்கம் போகாதே’ என்று அந்தச் சங்கத்துச் சுவரில் ஒரே ஒருவர் படம்தான் மாட்டியிருக்கும். அவர் எங்கள் பூட்டு அங்கிள்.

அவருடைய சொந்தப் பெயர் வாசல் பலகையில் இருந்தது. அதன் குறுக்கே எப்போதும் ஒரு சைக்கிள் செயின் காய்ந்துகொண்டிருந்ததால் நாங்கள் யாரும் அதை முழுசாகப் படித்ததில்லை. அல்வாலில் நான் குடியிருந்த கட்டடத்தில் அவருக்கு முதல் மாடி, எனக்கு அதற்கு மேல் மாடி. அவருடைய குடும்பம் சிகந்தராபாத்துக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கி, நடுவில் உருதுவில் இளைப்பாறி, இங்கிலீஷில் முடிப்பார். நான் கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். தொப்பை குறையட்டும் என்று ஒரு சைக்கிள் வாங்கி மாடிப்படிக்குக் கீழே பூட்டி வைத்தேன்.

மறுநாள் காலையில் சைக்கிளைக் காணோம். வாட்ச்மேன் யாதய்யாவிடம் கேட்டால், வாயைத் திறக்காமல் விரலால் மேலே காட்டினார். நான் ஏதோ கடவுளைக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன். அவர் காட்டியது முதல் மாடியை. போய்க் கதவைத் தட்டினால், என் சைக்கிள் ஹாலின் நடுவே கொசுவலைக்குள் நின்றுகொண்டிருந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, சீட்டுக்கு ஒரு ஷவர் கேப் கூட மாட்டியிருந்தது.

“உன்னோடதா தம்பி? ஆன்ட்டி ஹேர்பின்னை விட்டுப் பார்த்தேன், உன் பூட்டு திறந்துக்கிச்சு. இதெல்லாம் ஒரு பூட்டா? திருடன் வந்து எடுத்திருந்தா என்ன பண்ணுவே?”

“நீங்கதானுங்களே அங்கிள் எடுத்தீங்க.”

“ஹவ், ஆமா, அதான் பத்திரமா இருக்கு.”

டீ குடித்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு என் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோபாவுக்கு அங்கே இடமில்லை. அது பால்கனியில் வெயில் காய்ந்தது. விருந்தாளிகளுக்கும் அங்கேதான் இடம். ஹாலில் சைக்கிள்கள் குடியிருந்தன. திருமுல்கேரியில் ராணுவக் குடும்பங்களுக்கு மாற்றல் வந்தால், லாரியில் ஏற்ற முடியாத சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த யாராவது எப்போதும் பூட்டு அங்கிள்தான். இப்படி வந்த சைக்கிள்களை, டயர் ஒரு பக்கமாக அமுங்கிவிடக் கூடாது என்று கூரையில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் தனிக் கொசுவலை. கம்பிகளில் துரு பிடிக்காமல் தேங்காய் எண்ணெய். செயின் இடுக்கில் அழுக்கெடுக்க ஆன்ட்டியின் பழைய டூத் பிரஷ். மழைக்காலத்தில் ஈரம் தாக்காமல் இருக்க, ஹேண்டில்பாரில் ஒரு கற்பூரப் பொட்டலம்.

மத்தியான வேளையில் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தால் கண் தானாகச் சொருகும். மின்விசிறிக் காற்றில் சக்கரங்கள் மெல்லத் திரும்பும். அத்தனை எண்ணெய்க்கு ஒரு சின்ன முனகல் கூடக் கேட்காது. ஜன்னல் வெயிலில் ஸ்போக்ஸ் கம்பிகளின் நிழல் சுவரிலும் கூரையிலும் என் சட்டையிலும் ஊர்ந்து போகும். கற்பூரமும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனையில் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். எங்கேயோ போய்க்கொண்டே இருப்பது போலவும், ஆனால் யாரும் எங்கேயும் போகாதது போலவும் இருக்கும். உண்மையும் அதுதான். அந்தச் சைக்கிள்களில் ஒன்று கூட ரோட்டுக்குப் போனதில்லை.

அதில்தான் அங்கிளின் மனைவி கிரேஸ் ஆன்ட்டிக்கு வருத்தம். ஜன்னலோரம் தொங்கிய சிவப்பு லேடீஸ் சைக்கிள் ஆன்ட்டியுடையது. முன்னால் கூடை வைத்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டியது.

“ஒரே ஒரு தடவை தெருக்கோடி ஏரியைச் சுத்திட்டு வந்துடறேங்க,” என்பார் ஆன்ட்டி.

“நக்கோ, வேணாம். ரோடெல்லாம் முள்ளு.”

அடுத்த முறை கேட்டால் நாய். அதற்கடுத்த முறை புழுதி. ஒன்றும் அகப்படாத நாளில், “திருடன் வழியில மறிச்சுப் புடுங்கிட்டான்னா?” என்பார். ஆன்ட்டி சிவப்பு சைக்கிளின் கூடையில் வெங்காயத்தைப் போட்டு வைப்பார். அங்கிள் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கூடையைத் துடைப்பார். என் கண்ணெதிரே இது பல தடவை நடந்தது.

சாவிகளை அவர் ஒளித்து வைத்த விதமே தனி. “திருடன் ஹாலுக்கு வருவான், பெட்ரூமுக்கு வருவான். கிச்சனுக்குக் கைக்கு வருவான்? ஏன் வருவான்?” என்று என் காதோடு சொன்னார். கறுப்பு சைக்கிள் சாவி ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால். சிவப்பு சைக்கிள் சாவி துவரம்பருப்பு டப்பாவுக்குள். உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர் இதைப் பரம ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தினம் அந்தப் பருப்பை எடுத்துச் சாம்பார் வைக்கிறவர் எங்கள் பக்கத்திலேயே நின்று கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் நிமிரவே இல்லை.

மாதத்தில் முதல் ஞாயிறு, விடிகாலை சர்ச் முடிந்து வந்ததும் திருட்டு ஒத்திகை நடக்கும். நான் கேலிக்குச் சொல்லவில்லை, அதற்கு அவர் வைத்த பெயரே அதுதான். பூட்டுகளைச் சோதிக்க வேண்டாமா? அங்கிள் பெட்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் படிப்பார். கட்டடத்துக்காரர்களில் ஒருவர் ஹாலில் இருந்து ஒரு சைக்கிளைக் கிளப்பி, படியில் சாய்த்து வைத்த பலகை வழியாக இறக்கி, யாதய்யாவைத் தாண்டி கேட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். சத்தம் கேட்டு அங்கிள் வெளியே வந்துவிட்டால் தோல்வி. வென்றவருக்குப் பிளம் கேக் உண்டு. அதோடு, எடுத்த சைக்கிளை அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு வரை ஓட்டிக்கொள்ளலாம்.

“வார்த்தைன்னா வார்த்தை,” என்பார். யாரும் வென்றதே இல்லை என்பதால் வார்த்தை கொடுப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. சாவி இல்லாதவன் எதைக் கிளப்புவது? அதற்கு மேல் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு கிறிஸ்துமஸ் மணி வேறு கட்டியிருந்தார். சாவி இருக்கும் இடம் தெரிந்த நானே, முயன்ற அன்று பூட்டைத் தொடும் முன்பே கொசுவலையில் சிக்கிக்கொண்டேன். அவரே வந்து என்னை அவிழ்த்துவிட்டார்.

ஒரு முதல் ஞாயிறு, பனி இன்னும் கலையாத காலை. யார் இன்றைக்கு என்று அங்கிள் கேட்டதும், சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு ஆன்ட்டி முன்னால் வந்தார்.

“நான் எடுக்கறேன்.”

“நீயா? நக்கோ. நீ வீட்டு ஆளு.”

“வீட்டு ஆளு கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே.”

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பொம்பிளையால் அந்தக் கொக்கியிலிருந்து இறக்கக் கூட முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே பேப்பரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஆன்ட்டி நேரே சமையலறைக்குப் போனார். பருப்பு டப்பா திறக்கும் சத்தம் தினமும் கேட்கிற சத்தம்தானே, உள்ளே யாருக்குச் சந்தேகம் வரும்? சாவியோடு வந்து பூட்டைத் திறந்தார். கைக்குட்டைகளைச் சுருட்டி இரண்டு மணிகளுக்குள்ளும் திணித்தார். புடவையை இடுப்பில் செருகி, கொக்கியிலிருந்து சைக்கிளைத் தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல இறக்கினார். அங்கிள் வருஷக்கணக்காகப் போட்ட எண்ணெய் அன்றைக்கு ஆன்ட்டி கட்சிக்கு மாறிவிட்டது. சக்கரம் உருண்டதும் தெரியவில்லை, பலகையில் இறங்கியதும் தெரியவில்லை. கீழே யாதய்யா கேட்டை அகலத் திறந்து, “வெள்ளண்டி அம்மா,” என்று தெலுங்கில் போகச் சொல்லி வழிவிட்டார்.

சாவி எங்கே என்று இத்தனை நாளும் தெரிந்திருந்தும் ஏன் எடுக்கவில்லை என்று பிற்பாடு ஆன்ட்டியைக் கேட்டேன். “திருடி ஓட்டறதுல என்ன இருக்குப்பா? அவரா குடுக்கணும்னு இருந்தேன். குடுக்கல. சரி, அவர் வார்த்தையாவது குடுக்கட்டுமேன்னுதான்,” என்றார்.

அன்றைக்கு ஆன்ட்டி கேட்டைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. “என்னப்பா, இன்னும் ஆரம்பிக்கலையா?”

அங்கிள் வெளியே வந்தார். காலிக் கொக்கியில் கொசுவலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் வெளுத்து, சாக்ஸ் காலோடு படியிறங்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

“சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க அங்கிள்.”

“சைக்கிள் யாருக்குய்யா வேணும்?” மூச்சு வாங்கியது அவருக்கு. “திருமுல்கேரி இறக்கத்துல இதே வண்டிலேர்ந்து விழுந்தா. கை ரெண்டா போச்சு. ப்ரேக் கட்டை தேஞ்சு கிடந்துச்சு, நான் கவனிக்கல. திருடன் வருவான்னா இத்தனை பூட்டு போட்டேன்? இவ எடுத்துட்டுப் போயிடுவாளேன்னுதான்.”

ஏரிக்கரைக்கு வந்ததும் நின்றுவிட்டார். தண்ணீரின் மேல் பனி படுத்திருந்தது. கரையோரச் சாலையில், சத்தமே இல்லாமல், தரையில் படாதது போல அந்தச் சிவப்பு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஆன்ட்டி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அங்கிளும் பார்த்து நாளாகியிருக்க வேண்டும். கூப்பிட வாயெடுத்தவர் கூப்பிடவில்லை.

கிட்டே வந்ததும் மட்டும், “ப்ரேக் பிடிச்சுப் பாரு,” என்றார்.

ஆன்ட்டி பிடித்தார். சைக்கிள் அங்கிளின் சாக்ஸுக்கு முன்னால் அசையாமல் நின்றது.

“பிடிக்குதுங்க.”

“ஹவ். பிடிக்கும். தினம் பார்க்கறேன் இல்ல.”

“மத்தியானம் வரைக்கும் எனக்குத்தானே?”

அங்கிள் கூடையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டார். “இன்னும் நேரம் கிடக்கு. போ,” என்றார்.

அதற்குப் பிறகும் திருட்டு ஒத்திகை நிற்கவில்லை. மாதம் தவறாமல் நடக்கிறது. ஒரே திருடர், ஒரே சைக்கிள். பருப்பு டப்பாவை இன்னும் யாரும் மாற்றவில்லை. நான் இப்போது ஊரின் மறுகோடியில் உப்பலுக்குக் குடிவந்துவிட்டேன். ஆனாலும் முதல் ஞாயிறு அந்த ஹாலில் போய் நின்றுவிடுவேன். சிவப்பு சைக்கிள் ஏரியை எட்டியிருக்கும் நேரம் பார்த்து, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

“என்னப்பா, இன்னும் ஆரம்பிக்கலையா?”

“இல்லைங்க அங்கிள், இன்னும் இல்லை.”

“மெதுவா ஆகட்டும். காத்து நேத்தே அடிச்சு வெச்சுட்டேன்.”

அந்த ஒரு பொய்யைச் சொல்வதற்காகத்தான் மாதம் ஒருமுறை உப்பலிலிருந்து அல்வாலுக்குப் பஸ் ஏறுகிறேன்.