காலையில் வந்து அடிக்கிறேன்

ஜவ்வாது மலையில் மார்கழிப் பனியைவிட வெள்ளையாக ஒன்று உண்டென்றால் அது எங்கள் வீட்டுக்காரர் அடித்த சுவர்தான். வீட்டுக்காரர் என்றால் வாடகை வாங்கிய வீட்டுக்காரர். தாலி கட்டியவர் அப்போது ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தார்.

ஊரில் இந்த வாடகை வீட்டுக்காரருக்கு ஒரே பெயர், சுண்ணாம்பு. உலகமே பெயின்ட் டப்பாவுக்கு மாறிய பிறகும் வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்த மனிதர். பொங்கலுக்கு அடிப்பார். எங்களுக்காகக் கிறிஸ்துமஸுக்கும் அடிப்பார். மழை பெய்து ஓய்ந்தால் அடிப்பார். பெய்யாவிட்டால், சும்மா இருப்பானேன் என்று அடிப்பார். வாசலில் படுத்துக் கிடந்த கறுப்பு நாய் பாதி வெள்ளையாகத் திரிந்தது.

ஜமுனாமரத்தூரில் நர்ஸ் வேலை கிடைத்து, நானும் மகள் ஜெனியும் குடிவந்தபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"சொவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது நர்சம்மா."

ஆணி அடிக்கவில்லை. மூன்று வயது நிறையாத ஜெனி, நான் சோறு வடிப்பதற்குள் அடுப்புக்கரியால் சுவர் முழுக்க வரைந்துவிடுவாள். பேப்பர் கொடுத்தால் கிழித்துப் போடுவாள். அவளுடைய கரிமூஞ்சிச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கும் தடுக்க மனம் வராது. காலண்டர் மாட்டி மறைக்கலாம் என்றால் ஆணி கிடையாது. பீரோவை நகர்த்தி மறைத்தேன். பீரோவுக்குப் பக்கத்தில் வரைந்தாள். கட்டிலைச் சாய்த்து வைத்தேன். ராத்திரி தரையில் படுத்தோம்.

ஒரு சாயங்காலம் மோட்டார் ரிப்பேர் என்று உள்ளே வந்தவர், சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா இது?"

"கொயந்த தெரியாம..." என்று இழுத்தேன். மலைமேல் வேறு வாடகை வீடு குதிரைக்கொம்பு.

"செரி. காலீல வந்து அடிக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எம்பொண்ணு மேல கை வெச்சா நடக்கிறதே வேற! வூடு வேணும்னா காலி பண்ணிட்றேன்!" என்று கத்திவிட்டேன்.

அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

"அய்ய, பாப்பாவ யாரும்மா அடிக்கிறா? சொவுத்த அடிக்கிறேன்னேன். பாவம், வரையறதுக்கு எடமே இல்லியே!"

சொன்னபடி காலையில் வாளியோடு வந்தார். அன்றிலிருந்து சுவர் நிறைய நிறைய அடித்துக் கொடுத்தார். அடிக்கும் முன் ஒவ்வொரு படத்தையும் பார்த்து விசாரணை வேறு.

"இது யாரு?"

"மாமா," என்று அவரையே காட்டினாள் ஜெனி. ஒரு வட்டம். வட்டத்திலிருந்தே இரண்டு கால்.

சுண்ணாம்புக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கை எங்க கீது? கையில்லாம நான் எப்புடி சுண்ணாம்பு அடிப்பேன்?"

ஜெனி யோசித்தாள். வட்டத்தின் காதுப் பக்கத்திலிருந்து வாசற்கதவு வரைக்கும் ஒரே கோடு இழுத்தாள்.

"யப்பா! இனிமே ஏணியே வாணாம்," என்று உருகிப்போனார் மனிதர். தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தன் கையைக் காட்டினார். அடுத்த வாரம் அதன் மேலும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

"எப்புடிண்ணே மனசு வந்துச்சி?" என்றேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாப்பாவுக்கு எடம் வாணாவா?"

எனக்கு மாற்றல் வந்து, இப்போது திருப்பத்தூரில் இருக்கிறோம். ஜெனி ஸ்கூல் போகிறாள். கோட்டைத் தாண்டாமல் கலர் அடிக்கிறாள். மிஸ் ஸ்டார் போடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் கிரையானும் கொடுத்து, "உனக்குப் புடிச்சத வரை," என்றேன்.

"எதைப் பார்த்தும்மா வரையணும்?" என்றாள்.

அந்தப் பாதி வெள்ளை நாய்க்கும், ஈரச் சுண்ணாம்பு வாசனைக்கும், என் பிள்ளையின் கரிமூஞ்சிக்கும் அப்படி ஏங்கிப்போனேன். உடனே சுண்ணாம்புக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணே, வூட்டுக்கு ஆள் வந்துட்டாங்களா?"

"வந்துகீறாங்க. பெரியவங்க ரெண்டு பேரு. சொவுத்துல ஒரு கோடு போட மாட்றாங்க. இன்னா ஜனமோ!" என்று அலுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் மாசா மாசம் அடிச்சித்தான் வெக்கிறேன். பாப்பா எப்ப வரும்?"

ஜெனி கிரையானைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முடிந்தமட்டும் விரித்தாள்.

"இவ்ளோ நீளக் கை மாமாவாம்மா?"

ஆமாம்டி, அதே மாமாதான்.