அறுபது நாள் சேவு

கடைக்குப் போட்ட சேவுப் பொட்டலம் பன்னிரண்டாம் நாளே சிக்கு வாடை அடித்தது. கன்னையன் தன் மூக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி மோந்து பார்த்தார். அதே வாடைதான்.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் சலிக்கிற வேலை அவருக்கு. குப்பையில் கொட்டும் ஏலத்தோலை அவித்து, அந்தச் சாற்றில் மாவு பிசைந்தால் காராச்சேவு கெடாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஊர் சிரித்தது, மனைவி சுருளியம்மாள் சிரிக்கவில்லை. சேவு பிழிந்து, அவர் எழுதிக் கொடுத்த தேதிச் சீட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, மெழுகுவத்தித் தீயில் வாயை ஒட்டி, ஆணியில் மாட்டி வைத்தாள். அறுபதாம் நாள் பிரித்தால் மொறுமொறுவென்று இருந்தது. கன்னையனுக்குத் தலைகால் புரியவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கன்னையனின் பாதி உயிரும் கூடவே போயிற்று. அவள் பேராவது ஊர் வாயில் இருக்கட்டும் என்று, ‘சுருளியம்மாள் சேவு, அறுபது நாள் கெடாது’ என அச்சடித்து, தானே பிழிந்த இருநூறு பொட்டலத்தைக் கடைக்காரர் ஜக்கையனிடம் இறக்கினார்.

பேர் ஊர் வாயில் இருக்கத்தான் செய்தது. "சுருளியம்மா நாறுது" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள்.

சாற்றை இரண்டு மடங்காக்கினார். சேவு வேப்பங்காயாகக் கசந்தது. தோல்தான் சரியில்லை என்று மலைத் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை இறக்கினார். கள்ள ஏலம் என்று சோதனைச்சாவடியில் மூட்டையைக் கிழித்து, அவரையும் அரை நாள் உட்கார வைத்தார்கள். அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த தோலில் பிசைந்தது எட்டே நாளில் கெட்டது.

ஜக்கையன் மிச்சப் பொட்டலங்களை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தார்.

"கோவிச்சுக்காதீகண்ணே. அக்கா பேர எடுத்துட்டு வேற பேரு போடுங்க. ஊரு பேசுறதக் கேக்க மனசு கஷ்டமா இருக்கு."

அவர் போனதும் கன்னையன் வாய்விட்டு அழுதார். சுருளியம்மாளோடு உட்கார்ந்து பொட்டலம் ஒட்டிய பக்கத்து வீட்டுப் பொன்னுமணி, செம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"அதே தோலு, அதே எண்ணெய். அவ செஞ்சப்ப மட்டும் எப்படித்தா கெடாம நின்னுச்சு? நான் எங்க தப்புப் பண்றேன்?"

பொன்னுமணி செம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலண்ணே. அக்கா வெள்ளிக்கு வெள்ளி பழசக் கோழிக்குப் போட்டுட்டு, புதுசாப் பிழிஞ்சு, உங்க தேதிச் சீட்ட அதுல மாத்தி வச்சு ஒட்டுவாக."